அப்பாவை எந்த வீட்டில் எழுதுவது

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் அவை கடைசி வரிசையில் தடித்த அட்டையோடு அடுக்கியிருக்கும். மாவட்டம், தாலுகா, ஊர் என்று பிரித்து, ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று போட்டிருப்பார்கள். மாணவர்கள் வந்து தங்களுக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டு போவார்கள். எண்பத்தொன்றாம் வருடத்துப் புத்தகத்தில் சங்கரன்கோவில் என்ற வரிக்கு வந்தால் மட்டும் எனக்கு இப்போதும் முகம் சுடும். அந்த ஆண்கள் தொகைக்குள் என் அப்பாவும் இருக்கிறார். எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்று புத்தகம் சொல்லாது. அரசாங்கம் ரகசியம் காக்கிறது. ஊர் காக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டின் முன்பாதி மாவு மில், பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். காலையில் அம்மா மோட்டாரைப் போட்டால் வீட்டுச் சுவரெல்லாம் லேசாக நடுங்கும். கரண்ட் போனால் மட்டும்தான் அந்த வீட்டில் மெதுவாகப் பேச முடியும். கம்பு, சோளம், கேப்பை, மிளகாய், மல்லி என்று எது வந்தாலும் அம்மாதான் தொட்டியில் கொட்டுவாள், அம்மாதான் கல்லைத் திருகுவாள், அம்மாதான் மோட்டார்ப் பட்டை அறுந்தால் தைப்பாள். அவளுடைய புருவம் எப்போதும் வெளுத்திருக்கும். மிளகாய் அரைக்கிற நாளில் சிவந்திருக்கும்.

அப்பா மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார். வாரத்தில் பாதி நாள் சரக்கு விஷயமாக விருதுநகரில் இருப்பார். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். திரும்பி வரும்போது சாத்தூர்க் காராச்சேவு வாங்கி வருவார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, விருதுநகரில் பார்த்ததாகப் பல கதைகள் சொல்வார். ரயிலில் கோழி ஒன்று டிக்கெட் பரிசோதகரைக் கொத்திய கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கதை ரசிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மாசி மாதம் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் பகுதிக்கு எங்கள் வகுப்பு சாரையே போட்டிருந்தார்கள். சார் ஒல்லியாக, எதற்கும் சட்டென்று வியர்க்கிற மனிதர். பாடம் நடத்தும்போது தவறாக ஒரு எழுத்தைப் போர்டில் எழுதிவிட்டால், கையால் அழிக்க மாட்டார், துணியைத் தேடிப் போய் எடுத்து வந்துதான் அழிப்பார். அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை என்றும் பார்க்காமல் பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

அன்று அப்பா வீட்டில் இருந்தார். சாரை நாற்காலியில் உட்கார வைத்து, தாம் எதிரே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று சார் கேட்டதும், இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வயது, மதம், தாய்மொழி எல்லாம் ஆயிற்று. மில் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“வீட்டம்மா என்ன வேலை பாக்காங்க, அண்ணாச்சி?”

“அவ என்ன வேலை பாக்கா! வீட்ல சும்மாதான் இருக்கா!” என்று அப்பா மில் சத்தத்துக்கு மேல் கூவினார்.

சார் ஒரு தரம் மில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து காப்பி போட்டுக் கொடுத்தாள். என் பெயரை எழுதும்போது சார் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் காப்பி நன்றாக இருந்தது என்று சார் சொன்னதாக ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த சில நாட்களில் சார் என்னைப் பார்ப்பதைத் தவிர்க்கத் தொடங்கினார். நான் கையைத் தூக்கினாலும் வேறு யாரையாவது பதில் சொல்லச் சொல்வார். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் தவித்தேன்.

நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சாருக்குக் கொடுத்திருந்த பகுதியில் எங்கள் தெருவோடு ரயிலடிப் பக்கத்துச் சந்தும் சேர்ந்திருந்தது. அந்தச் சந்தில் ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டபோது, அங்கிருந்த பெண் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தன் பையனைக் கூப்பிட்டு, சாரிடம் அப்பா பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, இனிஷியலோடு என் அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறான். கேட்காமலேயே, “மாவு மில்லு” என்றும் சொல்லியிருக்கிறான்.

விருதுநகர் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஊர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருந்தது. காராச்சேவு ரயிலடிக் கடையில் வாங்கியது.

ஒரு சாயங்காலம், மில்லில் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, சார் வந்தார். அப்பா இல்லை. நான் சோள மூட்டைகளுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சார் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா மோட்டாரை நிறுத்தினாள். பட்டை கொஞ்ச நேரம் தட்டித் தட்டிச் சுற்றிவிட்டு நின்றது.

“ஒரு சந்தேகம்மா. கேக்கதுக்கே கஷ்டமாத்தான் இருக்கு” என்றார் சார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கேளுங்க சார்.”

“அண்ணாச்சி பேரு இன்னொரு வீட்லயும் வருது.”

எந்த வீடு என்று அம்மா கேட்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒரு ஆள ரெண்டு எடத்துல எழுதக் கூடாதும்மா. வழக்கமா எங்கன தங்குதாங்களோ அங்கனதான் எழுதணும். தாலுகா ஆபீஸ்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. அண்ணாச்சிட்டக் கேட்டாச் சண்டையில போய் நிக்கும். நீங்க ஒரு வார்த்தை இங்கனதான்னு சொல்லிட்டீங்கன்னா, அங்கன அவரு பேர அடிச்சிருதேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது.”

அம்மா கை துடைப்பதை நிறுத்தினாள். பிறகு, “அந்த வீட்ல யாரெல்லாம் இருக்கா சார்?” என்று கேட்டாள்.

“ஒரு அம்மா. ஒரு சின்னப் பய.”

“பய பேரு என்ன?”

அதைச் சொல்லக் கூடாது என்பது சாருக்குத் தெரியும். இருந்தும் சொன்னார். அது என் தாத்தாவின் பெயர். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்த பெயர்.

“அங்கன அடிக்காதீங்க சார். இங்கன அடிச்சிருங்க” என்றாள் அம்மா.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? அவுக எங்கன இருக்காகளோ அங்கன எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க?”

சார் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப இங்கன குடும்பத் தலைவர்னு யார எழுத?”

“நான் இருக்கேன்லா.”

சார் ஒரு கோடு போட்டார். “ஒங்களுக்கு என்ன வேலைன்னு…” என்று இழுத்தார்.

“மாவு மில்லு நடத்துதேன். கண்ணால பாக்கீங்களே சார்.”

சார் போன பிறகும் நான் மூட்டைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டில் அப்பா இல்லை என்று அம்மாவே அரசாங்கத்திடம் சொல்லிவிட்டாள். சார் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. அம்மாவை நினைத்துத்தான் அவமானமாக இருந்தது, அதுவும் என் சாரிடம் போய் இப்படிப் பேசிவிட்டாளே என்று.

மறுநாள் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “ஒங்கள அங்கன எழுதச் சொல்லிட்டேன்.”

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். அம்மா எப்போது விளையாடியிருக்கிறாள்? ரசம் ஊற்றும்போது அப்பாவின் முகம் மாறியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் காலையில், சார் எங்களுக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது, வகுப்பு வாசலில் அப்பா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எனக்கு ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்துகூட நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“சார், என்னைய எங்கன எழுதியிருக்கீரு?”

சார் சாக்பீஸை வைத்துவிட்டு வேகமாக வாசலுக்குப் போனார். “வாங்க அண்ணாச்சி, வெளிய போய்ப் பேசுவோம்.”

“வெளிய என்ன, உள்ள என்ன? என்னைய எங்கன எழுதியிருக்கீரு, அதச் சொல்லும்.”

“அது சொல்லக் கூடாது அண்ணாச்சி. சட்டப்படி ரகசியம்.”

“என்னையப் பத்தி எனக்கே ரகசியமா, வே? நல்லா இருக்குவே ஒம்ம சட்டம்!” அப்பாவின் குரல் உயர்ந்தது. “கரண்டு கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு. வீட்டுத் தீர்வை என் பேர்ல கட்டுதேன். ஒரு பொம்பள சொன்னான்னு என் வீட்டுலயே என்னைய அடிச்சுப் போட்டுட்டீரா? நாளைக்கு மில்லும் அவளுக்குன்னு எழுதிக் குடுத்திருவீரோ?”

“இது சொத்துக் கணக்கு இல்ல அண்ணாச்சி. தலைக் கணக்கு.”

“அந்தத் தலையத்தான்வே கேக்கேன்! ரயிலடியிலயா எழுதியிருக்கீரு?”

பக்கத்து வகுப்புகளில் பாடம் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் தம் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். சார் தலையைக் குனிந்துகொண்டு, தாமே ஏதோ தப்பு செய்தவர் போல, அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் எழுந்து நின்றவள் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன். வகுப்பு முழுவதும் என்னைத்தான் பார்த்தது.

பக்கத்தில் இருந்தவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “ஏட்டி, ஒங்கப்பா ஒங்க வீட்ல இருக்க மாட்டாங்களா?” என்று காதோரம் கேட்டாள்.

“இருப்பாங்க. சில நாளு விருதுநகர் போவாங்க” என்றேன்.

அவள் கேட்டது மெதுவாக. நான் பதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பின்வரிசையில் ஒருவன் ரயில் மாதிரி கூவினான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது, விருதுநகர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி மட்டும்தான்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். வயிற்றுவலி என்றேன். அம்மா முதல் நாள் சுக்கு அரைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் ஒன்றும் கொடுக்கவில்லை. மாவு அரைக்க வந்தவர்கள் தூக்குவாளியை வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தை ஒரு தரம், வீட்டின் உட்பக்கத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்கள். வழக்கமாக வராதவர்கள்கூடக் கொஞ்சம் மல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா எல்லோருக்கும் அரைத்துக் கொடுத்தாள். என்னிடம் மட்டும், “நீ என்ன களவா செஞ்ச? ஏட்டி, எந்திரிச்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போ” என்றாள்.

“ஒன்னாலதான் எல்லாம்” என்றேன். அவள் போய் மோட்டாரைப் போட்டாள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் சார் மறுபடியும் வந்தார். எழுதி முடித்த வீடுகளுக்கெல்லாம் இன்னொரு முறை போய், இடையில் யாராவது பிறந்திருக்கிறார்களா, இறந்திருக்கிறார்களா, புதிதாக வந்து தங்கியிருக்கிறார்களா என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டுக்குள் வர அவர் கூச்சப்பட்டு, வாசற்படியிலேயே நின்றார். அப்பா அந்தச் சில நாட்களாக வரவில்லை.

“மாத்தம் ஏதும் உண்டாம்மா?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி வேறு விதமாகக் கேட்டது. மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார், இதை விட்டால் போயிற்று என்று தோன்றியது.

உள்ளேயிருந்து ஓடி வந்தேன். “சார், எங்கப்பா இங்கனதான் இருக்காங்க சார். அவங்க சட்டை இருக்கு, பாருங்க சார். செருப்பு இருக்கு. சேவிங் கண்ணாடி இருக்கு” என்று ஆணியில் தொங்கிய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னேன். ஆணி பெயர்ந்து சட்டை என் கையோடு வந்துவிட்டது.

சார் அம்மாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தச் சட்டையை என் கையிலிருந்து வாங்கி, உதறி, மடித்தாள்.

“சட்டைய எழுதிக்கிட முடியாதுலா” என்றாள் என்னிடம். பிறகு சாரிடம், “மாத்தம் ஒண்ணும் இல்ல சார்” என்றாள்.

சார் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் கடைசி. அந்த வருடம் முடியும்வரை நான் அவர் வகுப்பில் இருந்தேன். என்னிடம் கேள்வி கேட்பதை அவர் திரும்பத் தொடங்கினார். நான்தான் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன்.

அப்பா எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. கோபம் தணிந்ததும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். வருவதும் போவதுமாகவே கடைசிவரை இருந்தார். விருதுநகர் என்று மட்டும் சொல்வதில்லை. “வாரேன்” என்பார், போய்விடுவார். ரயில் கதைகளும் நின்றுவிட்டன. நானும் கேட்கவில்லை.

இதெல்லாம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், மில்லில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தபோது, ஒரு பெண் இடுப்பில் கோதுமை டின்னோடு வாசலில் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன். அவள் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையனுக்கு அப்பாவின் காது. காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகி வழிவிட்டார்கள். நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

அம்மா டின்னைப் பார்த்தாள். “வரிசையில வைங்க” என்றாள்.

அவள் முறை வந்ததும், “நைசாவா, ரவையாவா?” என்று அம்மா கேட்டாள்.

“சப்பாத்திக்குக்கா” என்றாள் அந்தப் பெண். குரல் வெளியே வரவில்லை. அக்கா என்று அவள் சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாவு விழுகிற துணிக்குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்ற அந்தப் பையன், தலையெல்லாம் வெள்ளையாகி, கண்ணை மூடிக்கொண்டு தும்மினான். அம்மா ஒரு கையால் கல்லின் திருகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் தலையைத் தட்டிவிட்டாள். தாத்தாவின் பெயரைச் சொல்லி, “தள்ளி நில்லுய்யா, பட்டையில கை போயிரும்” என்றாள். மற்றவர்களிடம் வாங்குகிற கூலியையே அவளிடமும் வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்த டின்னை அவள் இடுப்பில் ஏற்ற முடியாமல் தடுமாறியபோது, அம்மா குனிந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள். அத்தனை பேர் பார்க்க அந்த டின்னை அம்மா தொட்டது, வகுப்பில் அப்பா கத்தியதைவிடப் பெரிய அவமானமாக எனக்குப் பட்டது.

சாயங்காலம் மில்லைக் கூட்டிப் பெருக்கும்போது கேட்டேன். “அவ ஏன் இங்க வந்தா?”

“மாவு அரைக்கதுக்குத்தான்” என்றாள் அம்மா.

அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ரயிலடிச் சந்திலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் மில்தான் பக்கம். அத்தனை வருடமும் அவள் எந்தத் தெருவைச் சுற்றி, யார் மில்லுக்கு அந்தக் கோதுமையைச் சுமந்துகொண்டு போனாள், அம்மா அப்பாவை அங்கே எழுதச் சொன்ன பிறகு மட்டும் பையனையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாக எப்படி வர முடிந்தது என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.